நூற்றுக்கு மூன்று வாங்கிய வலைத்தளம்

பதினெட்டு வருஷமாக வேதியியல் தாள் திருத்திக்கொண்டிருக்கிறேன். நூற்றுக்கு மூன்று என்று சிவப்பு மையில் போட்டு, ஒரு வட்டமும் போட்டுவிட்டு, அடுத்த தாளை எடுத்துவிடுவேன். அந்த மூன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் யோசித்தது கிடையாது. போன வருஷம் ஐப்பசி மழையில் எனக்கே நூற்றுக்கு மூன்று விழுந்தது. அதைக் கொண்டுவந்து கொடுத்தது என் சொந்தத் தம்பி.

மூன்று எனக்கில்லை, என் வலைத்தளத்துக்கு. ஆனால் அந்தச் சமயத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

நான் வேலை பார்ப்பது திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில். செய்முறைத் தேர்வு நெருங்கினால் போதும், என் போனில் குரல் செய்தியாக வந்து கொட்டும். "மிஸ், துத்தநாகத்துக்குச் சாம்பல் என்ன கலர் மிஸ்?" "மிஸ், பழுப்பு வளையம் வரவே மாட்டேங்குது மிஸ்." ஒருத்திக்குச் சொன்னதையே நாற்பது பேருக்குச் சொல்வேன். ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் போன். ஒரு நாள் தோசை கருகின வாசனையில் என் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். அவர் குடிகாட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் பாய்லர் பக்கம் வேலை பார்க்கிறவர். எந்த வாசனைக்கும் லேசில் அசைய மாட்டார். அவரே எழுந்து வந்துவிட்டார்.

"இதெல்லாம் எங்கயாச்சும் ஒரே இடத்துல எழுதி வச்சிடேன். கேக்கறவங்களுக்கு அந்த இடத்தைக் காட்டிட்டுப் போ" என்றார்.

என் தம்பி சிதம்பரம் தெற்கு வீதியில், மாடியில் ஓர் அறை எடுத்து, கடைகளுக்கு வலைத்தளம் செய்து கொடுக்கிறவன். அவனிடம் சொன்னேன். ஒரே வாரத்தில் எனக்கும் ஒன்று போட்டுக் கொடுத்தான். உப்புப் பகுப்பாய்வை ஒவ்வொரு சோதனையாகத் தமிழில் எழுதினேன். பாடப்புத்தகத் தமிழில் இல்லை, நான் வகுப்பில் பேசுகிற தமிழில். சனிக்கிழமைகளில் ஆய்வகத்துக்குப் போய் நானே செய்து, நானே போனில் படம் எடுத்துப் போட்டேன். வடிதாளை, நைட்ரிக் அமிலமும் கோபால்ட் நைட்ரேட்டும் சேர்த்த உப்புக் கரைசலில் நனைத்து எரித்து, மிஞ்சுகிற சாம்பலின் நிறத்தைப் பார்ப்பது சாம்பல் சோதனை. பச்சை வந்தால் துத்தநாகம், நீலம் வந்தால் அலுமினியம், இளஞ்சிவப்பு வந்தால் மெக்னீசியம். அதற்குப் படம் எடுத்த அன்று என் இடது கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. முதல் நாள் நண்டு கழுவும்போது ஓடு குத்திவிட்டது. படத்தில் இடுக்கி, எரிகிற தாள், பிளாஸ்திரி போட்ட என் விரல், எல்லாம் தெளிவாக விழுந்திருந்தது. விரலை வெட்டிவிடலாமா என்று பார்த்தேன், தாளும் சேர்ந்து போனது. அப்படியே போட்டுவிட்டேன்.

ஒரு வருஷம் நன்றாகப் போயிற்று. என் பிள்ளைகள் பார்த்தார்கள், பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் பார்த்தார்கள். அதற்கு மேல் எனக்கு ஆசையும் இல்லை.

போன ஐப்பசியில் ஒரு நாள் வகுப்பில் ஒரு பெண் எழுந்தாள். "மிஸ், இது உங்க விரல்தான?" என்று போனை நீட்டினாள். பள்ளிக்குப் போன் கொண்டுவரக் கூடாது. அதைக் கண்டிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. என் விரல், என் பிளாஸ்திரி, என் இடுக்கி. மேலே வேறு யாருடைய தளத்தின் பெயரோ இருந்தது. கீழே நான் எழுதின வரிகள், "பயப்படாதீங்க, தாள் எரியத்தான் செய்யும்" உட்பட.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி சாப்பிட வந்திருந்தான். சோற்றைப் போட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவன் இடது கையால் மடிக்கணினியைத் திறந்து, தேடுபொறியில் சாம்பல் சோதனை என்று தட்டினான். திருட்டுத் தளம் முதலில் வந்தது. என் தளத்தை மூன்றாம் பக்கத்தில்தான் கண்டுபிடிக்க முடிந்தது.

"எழுதினவ நானு. அவன் முதல்ல எப்படிடா வர்றான்?"

"இரு அக்கா" என்றவன், இன்னொரு கருவியில் இரண்டு தளங்களின் முகவரியையும் போட்டான். திரையில் இரண்டு வட்டங்கள் சுழன்று நின்றன. திருடினவனுக்கு முப்பத்தொன்று. எனக்கு மூன்று.

"நூத்துக்கா?"

"நூத்துக்குத்தான்."

என் வீட்டுக்காரர் ரசத்தை உறிஞ்சிக்கொண்டே, "உங்க அக்கா ஸ்கூல்ல மூணு வாங்கினா அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொல்லுவாங்க மச்சான்" என்றார்.

தம்பி விளக்கினான். வேறு தளங்கள் நம் பக்கத்துக்கு இணைப்பு கொடுத்தால் அது நமக்குச் சிபாரிசு மாதிரி. சிபாரிசு செய்கிறவர் பெரிய ஆள் என்றால் எடை ஜாஸ்தி. அந்தச் சிபாரிசுகளையெல்லாம் எண்ணி, எடை போட்டு, ஒரு மதிப்பெண் தருவார்கள். திருட்டுத் தளத்துக்கு நூறு இடத்திலிருந்து இணைப்பு இருந்தது. எனக்கு இருந்தது ஒன்றே ஒன்று. அதுவும் தம்பி தன் தளத்தில் தானே போட்டுக்கொண்டது.

"அப்ப நமக்கும் சிபாரிசு புடிப்போம்" என்றேன். சாப்பிட்ட கையைக் கழுவுவதற்குள் நான் தயாராகிவிட்டேன். தாளில் மூன்று வாங்கிவிட்டு மறுநாளே டியூஷன் சேருகிற பிள்ளை மாதிரி.

தம்பி தன் வாடிக்கையாளர்களிடமிருந்து தொடங்கினான். சிதம்பரத்தில் ஒரு டிபன் கடை, ஒரு ஜவுளிக் கடை, பரங்கிப்பேட்டையில் படகு இன்ஜின் பழுது பார்க்கிறவர், பெண்ணாடத்தில் கரும்பு வெட்டும் இயந்திரம் வாடகைக்கு விடுகிறவர். எல்லோரும் அவன் சொன்னால் கேட்கிறவர்கள். அவரவர் தளத்தின் அடியில் "வேதியியல் செய்முறை தமிழில்" என்று ஒரு வரி முளைத்தது. இட்லி, பூரி, பொங்கல், வேதியியல் செய்முறை.

"கரும்பு வெட்றவரு எதுக்கு உன் உப்புக்குச் சிபாரிசு பண்றாரு?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"அதெல்லாம் உங்களுக்குப் புரியாது மாமா" என்றான் தம்பி. எனக்கும் புரியவில்லை. ஆனால் மூன்று ஏழாயிற்று. ஏழு ஒன்பதாயிற்று. காலையில் பால் பாக்கெட்டை எடுப்பதற்கு முன்னால் போனை எடுத்து மதிப்பெண் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

அடுத்து, நானே களத்தில் இறங்கினேன். மற்றவர்களின் பதிவுகளுக்குக் கீழே கருத்து எழுதி, நம் முகவரியையும் விட்டுவிட்டு வரலாம் என்று எங்கேயோ படித்தேன். மதிய இடைவேளையில் உட்கார்ந்து ஊரிலிருக்கிற பதிவுகளுக்கெல்லாம் "அருமையான பதிவு" என்று எழுதினேன். சாம்பல் என்ற சொல் எங்கே கண்ணில் பட்டாலும் விடவில்லை. ஒருவர் பதில் போட்டிருந்தார். "நன்றி மேடம். நான் ரோஜாச் செடிக்கு அடுப்புச் சாம்பல் போடுவது பற்றி எழுதியிருக்கிறேன். உங்கள் தளத்துக்குப் போய்ப் பார்த்தேன். அதில் நைட்ரிக் அமிலம் சேர்க்கச் சொல்கிறீர்கள். செடி தாங்குமா?"

பதறிப் போய், செடிக்கு எதையும் ஊற்ற வேண்டாம் என்று அவருக்கு எழுதினேன். எழுதின கையோடு முகவரியையும் சேர்த்து ஒட்டியிருந்தேன். பழக்கதோஷம்.

மதிப்பெண் பதினான்கைத் தொட்ட அன்று ஆசிரியர் அறையில் அறிவித்தேன். தமிழாசிரியை, "எத்தனைக்கு?" என்றார். நூற்றுக்கு என்றேன். "இன்னும் பாஸ் ஆவலியே" என்று சொல்லிவிட்டு அவர் நோட்டுத் திருத்தப் போய்விட்டார்.

ஒரு விஷயம் எனக்கு உறுத்தலாகத்தான் இருந்தது. மூன்று இருந்தபோது தினம் எத்தனை பேர் வந்தார்களோ, பதினான்கிலும் ஏறக்குறைய அத்தனை பேர்தான் வந்தார்கள். தேடினால் அதே மூன்றாம் பக்கம்தான். தம்பியிடம் கேட்டேன். "பக்கம் இன்னும் நீளமா இருக்கணும்க்கா. தலைப்புல இருக்கற வார்த்தை உள்ள அஞ்சாறு தடவை வரணும்" என்றான். சரியென்று இரண்டு பீரியடுக்கு நடுவில் உட்கார்ந்து சாம்பல் சோதனைப் பக்கத்தைத் திருப்பி எழுதினேன். முன்பு எட்டு வரியில் இருந்ததை மூன்று மடங்கு ஆக்கினேன். சாம்பல் சோதனை என்றால் என்ன, சாம்பல் சோதனை ஏன் செய்ய வேண்டும், சாம்பல் சோதனையில் கவனிக்க வேண்டியவை. படிக்க எனக்கே கொட்டாவி வந்தது. மணி அடித்ததும் வெளியிட்டுவிட்டு ஓடினேன்.

மூன்று வாரம் கழித்து மின்னஞ்சல் வந்தது. அனுப்பினவர் சிதம்பரம் பக்கம் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. மரியாதையாகத்தான் தொடங்கியிருந்தார்.

"உங்கள் பக்கத்தில் துத்தநாகத்துக்கு நீலம், அலுமினியத்துக்குப் பச்சை என்று இருக்கிறது. மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். என் மாணவிகள் மூன்று பேர் இதைப் பார்த்து, மாதிரித் தேர்வில் தப்பாக எழுதினார்கள். இதே படங்களோடு வேறொரு தளத்தில் சரியாக இருக்கிறது. அடுத்தவர் எழுதியதை எடுத்துப் போடுகிறீர்கள் என்றால், சரியாகவாவது எடுத்துப் போடுங்கள்."

அதை நான் ஆசிரியர் அறையில் நின்றுகொண்டே படித்தேன். காது இரண்டும் சுட்டது. என் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். நீளமாக்குகிற அவசரத்தில் இரண்டு நிறங்களையும் இடம் மாற்றித் தட்டியிருக்கிறேன். திருடினவன் என்னுடைய பழைய, சரியான பக்கத்தைத் திருடியிருந்தான். அதனால் அவன் சரி. நான் தப்பு. அதற்கு மேல் திருடி என்ற பெயரும் எனக்குத்தான்.

இரண்டே நிமிஷத்தில் திருத்திவிட்டேன். ஆனால் அந்த மூன்று பெண்கள் எழுதினதை எப்படித் திருத்துவது? பதினெட்டு வருஷத்தில் வகுப்பில் ஒரு நாள்கூட நான் துத்தநாகத்துக்கு நீலம் சொன்னதில்லை. எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. அடுத்த பீரியட் இருந்ததால் வரவில்லை.

சாயங்காலம் பதில் எழுதினேன். "தப்பு என்னுடையது. திருத்திவிட்டேன். உங்கள் மாணவிகளிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். ஆனால் நான் எதையும் எடுத்துப் போடவில்லை. படத்தில் இருக்கும் விரல் என்னுடையது. சனிக்கிழமை சிதம்பரம் வருகிறேன். நேரில் காட்டுகிறேன்."

விளையாட்டாக எழுதவில்லை. கோபத்தில் எழுதினேன். அவர் தன் வீட்டு முகவரியை அனுப்பிவிட்டார்.

சனிக்கிழமை காலை பஸ் ஏறினேன். எப்படியும் தம்பியிடம் சண்டை போட வேண்டியிருந்தது. பஸ்ஸில் போகும்போது, முதல்முறையாக அந்த மதிப்பெண் கருவியின் விளக்கப் பக்கத்தை முழுக்கப் படித்தேன். அதில் அவர்களே எழுதியிருந்தார்கள். இது எங்கள் கணிப்பு, தேடுபொறி இந்த எண்ணைப் பயன்படுத்துவதில்லை, இதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள் என்று. ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் இரண்டு தடவை படித்துவிட்டேன்.

தெற்கு வீதியில் மாடி ஏறினதும் தம்பியின் முகத்துக்கு நேராகப் போனை நீட்டினேன்.

"இது தேடுபொறி போடற மார்க்கே இல்லியாமே?"

அவன் தலையைச் சொறிந்தான். "தெரியும்க்கா."

"தெரியுமா?"

"முன்னாடி தேடுபொறிக்காரங்களே வெளிய ஒரு மார்க் காட்டிட்டு இருந்தாங்க. பத்துக்கு இத்தனைன்னு பச்சையா ஒரு பட்டை வரும். நான் வேலை கத்துக்கிட்ட புதுசுல அதைப் பாத்துத்தான் எல்லாரும் கிடந்து அலைவாங்க. அப்புறம் அதை நிறுத்திட்டாங்க. உள்ள இன்னும் லிங்க்கை எல்லாம் எடை போடறாங்க, ஆனா நமக்குக் காட்ட மாட்டாங்க. அதனால வெளிய இருக்கறவங்க ஆளாளுக்கு ஒரு கருவி வச்சு, சுமாரா இவ்வளவு இருக்கும்னு சொல்றாங்க."

"அப்ப என்னை ஏன்டா இத்தனை மாசம் அலைய வுட்ட?"

"எல்லாரும் இதைத்தானக்கா பாக்கறாங்க. என் கஸ்டமர் ஒவ்வொருத்தரும் முதல்ல கேக்கறதே இதைத்தான். பக்கத்துக் கடைக்கு எவ்ளோ, எனக்கு எவ்ளோ. காட்ட ஒரு நம்பர் இல்லன்னா நான் வேலையே பாக்கலைன்னு நெனைக்கறாங்க."

அவனைத் திட்ட வந்தவள் நின்றுவிட்டேன். மதிப்பெண் இல்லாமல் பெற்றோர் கூட்டத்தில் பேச முடியாத ஆசிரியை நான். அவனை என்னவென்று சொல்வேன்?

அந்த ஆசிரியையின் வீடு ரயிலடிக்குப் பக்கத்தில். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கதவைத் திறந்ததும் வாங்க என்றுகூடச் சொல்லவில்லை.

"விரலைக் காட்டுங்க" என்றார்.

காட்டினேன். நண்டு ஓடு குத்தின இடத்தில் சின்னதாக ஒரு தழும்பு இன்னும் இருந்தது. அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, தன் போனில் படத்தைப் பெரிதாக்கி, பிளாஸ்திரி இருந்த இடத்தையும் தழும்பையும் பொருத்திப் பார்த்தார். இடுக்கியில் எங்கள் பள்ளிக்காரர்கள் நீலப் பெயின்ட்டில் போட்ட புள்ளி வரைக்கும் விசாரித்தார். என் போனில் இருந்த மூலப்படத்தைக் காட்டின பிறகுதான் முகம் தளர்ந்தது. பிறகு சிரிக்கத் தொடங்கினார் பாருங்கள், சோபாவில் உட்கார்ந்து சிரித்தார்.

"ஐயோ மேடம், நான் என்னெல்லாம் எழுதிட்டேன். மன்னிச்சிக்குங்க. உக்காருங்க, சாப்பிட்டுத்தான் போவணும்."

இட்லியும் கத்தரிக்காய் கொத்சும் வந்தது. சாப்பிட்டுக்கொண்டே என் பக்கங்கள் ஒவ்வொன்றையும் பார்த்தார். "இங்க அமோனியான்னு வாசனையை எழுதறீங்க, பிள்ளைங்க மூக்கைக் கொண்டுபோயி வச்சிடும். கையால விசிறிப் பாக்கணும்னு போடுங்க." நான் குறித்துக்கொண்டேன். "இந்தச் சாம்பல் பக்கம் எதுக்கு இவ்ளோ நீளம்?" என்றார். உண்மையைச் சொன்னேன். மதிப்பெண், சிபாரிசு, டிபன் கடை, ரோஜாச் செடி எல்லாவற்றையும். மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை நானும்.

தமிழ்வழியில் வேதியியல் எடுக்கிற ஆசிரியர்களுக்காக அவர் ஒரு சாதாரணப் பக்கம் வைத்திருந்தார். படம் கிடையாது, அலங்காரம் கிடையாது, உபயோகமான பக்கங்களின் பட்டியல் மட்டும். நாலைந்து மாவட்டத்து ஆசிரியர்கள் அதைப் பார்க்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. நான் பஸ் ஏறுவதற்குள் அதில் என் தளத்தைச் சேர்த்துவிட்டார். பக்கத்தில் ஒரு குறிப்பு: "செய்முறை, தமிழில், சொந்தப் படங்களுடன். ஒரு பிழை இருந்தது, சொன்னதும் திருத்திவிட்டார்."

பிழை இருந்ததை ஏன் போட வேண்டும் என்று எனக்கு முதலில் குறையாக இருந்தது. "அதுதான் மேடம் நம்பிக்கை குடுக்கும்" என்றார் போனில்.

அடுத்த வாரமே வித்தியாசம் தெரிந்தது. பட்டியலைப் பார்த்த ஆசிரியர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அனுப்பினார்கள். சிலர் தங்கள் பள்ளிப் பக்கங்களில் இணைப்பு போட்டார்கள். வந்தவர்கள் ஒரு சோதனையைப் பார்த்துவிட்டு ஓடவில்லை, அடுத்ததையும் படித்தார்கள். சந்தேகம் கேட்டு எழுதினார்கள். நான் சாம்பல் பக்கத்தைப் பழையபடி எட்டு வரிக்குக் கொண்டுவந்தேன். மார்கழி முடியும்போது தேடிப் பார்த்தால் என் பக்கம் முதல் பக்கத்தில் மூன்றாவதாக நின்றது.

"அந்த டீச்சரோட லிங்க்கு வேலை செய்யுதுக்கா" என்றான் தம்பி. இருக்கலாம். பிள்ளைகள் வந்து தங்கிப் படித்ததாகவும் இருக்கலாம். பக்கத்தைச் சுத்தம் செய்ததாகவும் இருக்கலாம். உள்ளே எதை எப்படி எடை போட்டார்கள் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தக் கருவியில் மதிப்பெண் மட்டும் அதே பதினான்கில் உட்கார்ந்திருந்தது.

அலைந்து வாங்கின சிபாரிசுகளை எடுத்துவிடலாம் என்று தோன்றியது. வெட்கமாக இருந்தது. கருத்துகளை ஒவ்வொன்றாக அழித்தேன். டிபன் கடைக்காரரும் ஜவுளிக் கடைக்காரரும் படகு இன்ஜின்காரரும், அப்படி ஒரு வரி தங்கள் தளத்தில் இருந்ததே தெரியாமல், சரி என்றார்கள். பெண்ணாடத்துக்காரர் மட்டும் மறுத்துவிட்டார்.

"ஏம்மா எடுக்கணும்? என் பொண்ணு அதுலதான் தினம் படிக்குது. கரும்பு மெஷினு கேட்டு வர்றவங்க வீட்லயும் புள்ளைங்க இருக்குல்ல? இருக்கட்டும்."

இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத இணைப்பு என்று எல்லாவற்றையும்விட அதிகமாக நான் நினைத்திருந்தது அதைத்தான்.

திருட்டுத் தளம் பாக்கி இருந்தது. தொடக்கத்திலேயே நான் கோபமாக எழுதின இரண்டு மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. இந்த முறை சிதம்பரம் ஆசிரியை எழுதிக் கொடுத்தார். கோபமே இல்லாத கடிதம். எந்தெந்தப் பக்கம், எந்தெந்தப் படம், எடுத்த தேதியோடு மூலப்படங்கள், ஒரு வாரத்தில் நீக்காவிட்டால் தேடுபொறிக்கே முறையாகப் புகார் போகும் என்ற ஒரு வரி. படித்தால் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே நிற்கிற மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் போன் வந்தது. இளம் குரல். "மேடம், சாரி மேடம். இந்த மாதிரி இருபது சைட்டு வச்சிருக்கேன். எழுதறதுக்கு வெளிய ஒருத்தர்ட்ட குடுத்தேன். அவர் எங்கேருந்து எடுத்தாருன்னு நான் பாக்கல. ஒடனே டெலிட் பண்ணிடறேன்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான். "இல்ல, உங்களுக்கு ஓகேன்னா, பக்கத்தை அப்படியே வச்சிட்டு, கீழ நன்றின்னு உங்க சைட்டுக்கு லிங்க் குடுத்துடறேன். என்னுது முப்பத்தொண்ணு மேடம். இங்கேருந்து ஒரு லிங்க்கு கெடைக்காதான்னு நெறைய பேர் கேக்கறாங்க."

பொய் சொல்லக் கூடாது. எனக்கு ஒரு நிமிஷம் ஆசை வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தேன்.

தம்பி, "வாங்கிக்கக்கா, விடாத!" என்று போனிலேயே குதித்தான். வீட்டுக்காரர் அன்றைக்கு முதல் ஷிப்ட் முடிந்து வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டு, "உன் வண்டியத் திருடிட்டுப் போனவன், அதே வண்டியில உனக்கு லிஃப்ட் குடுக்கறேங்கறான்" என்றார். தம்பிக்குக் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னார்.

சிதம்பரம் ஆசிரியையிடம் கேட்டேன். அவர் வேறு கோணத்தில் யோசித்தார். "அந்தத் தளத்து முகவரி நெறைய பிள்ளைங்க கையில இருக்கு. வாட்ஸப்ல சுத்துது. செய்முறைத் தேர்வுக்கு ஒரு மாசம்கூட இல்ல. இப்ப அழிச்சா, போயிப் பாக்கறவங்களுக்கு ஒண்ணுமே இருக்காது."

அதுதான் சரி என்று பட்டது. நானே அந்தப் பையனைக் கூப்பிட்டேன். "என் எழுத்து, படம் எல்லாத்தையும் எடுத்துருங்க. அந்தப் பக்கத்துல ஒரே ஒரு வரி மட்டும் போடுங்க. இந்தப் பாடம் இப்ப இங்க இருக்குன்னு என் முகவரி."

"நன்றின்னு போட வேணாமா மேடம்?"

"வேணாம்பா. நான் ஒண்ணும் உங்களுக்குக் குடுக்கலியே."

"சரிங்க மேடம்" என்றான். அன்று மதியமே செய்துவிட்டான். அந்த விஷயத்தில் அவனைக் குறை சொல்ல மாட்டேன்.

அந்த ஒரு வரியிலிருந்து தினம் பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள், தேர்வு முடிகிற வரைக்கும். திருச்சியிலிருந்து ஒருத்தி, "இவ்ளோ நாளா வேற வீட்டுல இருந்தீங்களா மிஸ்?" என்று எழுதியிருந்தாள். ஆமாம், ஆனால் எனக்குத் தெரியாமல் என்று பதில் போட்டேன். கருவியில் மதிப்பெண் பதினேழு ஆயிற்று. தம்பி வாழ்த்துச் செய்தி அனுப்பினான். அதற்கு ஒரு கட்டைவிரல் பொம்மையை அனுப்பிவிட்டு அப்பளம் பொரிக்கப் போனேன்.

ஆறேழு மாதமாகி விட்டது. தம்பி இப்போது வாடிக்கையாளர்களுக்கு மதிப்பெண்ணோடு இன்னொரு தாளையும் காட்டுகிறானாம். யார் எங்கிருந்து வந்தார்கள், வந்து என்ன படித்தார்கள் என்று. பாதிப் பேர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அது இருக்கட்டும், பக்கத்துக் கடைக்கு எவ்ளோ?" என்றுதான் கேட்கிறார்களாம். அவனும் சொல்லிவிடுகிறான். பிழைக்க வேண்டுமே.

நான் இப்போது பியூரெட் என்ற அளவுக் குழாயை வைத்துச் செய்கிற பருமனறிப் பகுப்பாய்வுக்குப் பக்கங்கள் எழுதிக்கொண்டிருக்கிறேன். எதையும் வெளியிடுவதற்கு முன்னால் சிதம்பரத்துக்கு அனுப்பிவிடுகிறேன். போன வாரம் அனுப்பினதற்கு உடனே போன் வந்தது.

"பியூரெட் சாஞ்சிருக்கு மேடம்."

"எங்க சாஞ்சிருக்கு? நேராத்தான் இருக்கு."

"உங்க தலை சாஞ்சிருக்கும், அதான் உங்களுக்கு நேராத் தெரியுது. திரும்ப எடுங்க."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாய்ந்துதான் இருந்தது. சனிக்கிழமை ஆய்வகச் சாவி வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லி வைத்திருக்கிறேன்.